பேர் எழுதிய பெட்டி

காசநோய்க்கு மாத்திரை எழுதுவது டாக்டர் வேலை. அது வயிற்றுக்குள் போனதா என்று பார்ப்பது எங்கள் வேலை. மதுரை செல்லூர் தறிக்கூடங்களிலும் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஹெல்த் விசிட்டராக அலைந்தவன் நான்.

தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் வெகுகாலம் போகவில்லை. அது தேவையில்லை என்று சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு நிறுவனத்தில் முன்பே நிரூபித்துவிட்டார்கள். 1956-ல் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் தலைமையில் தொடங்கிய ஆய்வு அது. 193 ஏழை நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில் கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஓராண்டு இரு தரப்பினருக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள்தான். நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

மருந்து வீட்டுக்கு வந்தால் கண்காணிப்பும் பின்னாலேயே வரத்தானே வேண்டும்? சொல்லாமல் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி ஃபெர்ரிக் குளோரைடு கலந்து, நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். அறுபதுகளில் அமெரிக்காவின் தாமஸ் மோல்டிங் இன்னும் ஒரு படி மேலே போனார். மாத்திரைப் பெட்டிக்குள் ஃபோட்டோ ஃபிலிமும் துளி யுரேனியமும் வைத்தார். மாத்திரை எடுத்த நாளெல்லாம் ஃபிலிமில் பதிந்துவிடும். செல்லூரில் அதைக் கொண்டுபோய் வைத்திருந்தால் என்னைத் தெருவுக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

ரிஃபாம்பிசின் வந்தபின் எங்களுக்குக் கருவியே தேவைப்படவில்லை. "முழுங்கியாச்சு சார்" என்பார் நெசவாளி. "ஒண்ணுக்கு என்ன கலர்ல போச்சுண்ணே?" என்று கேட்பேன். ஆரஞ்சு என்று சட்டென வந்தால் சரி, யோசித்தால் சந்தேகம்.

1997-ல் திருத்திய தேசியத் திட்டம் வந்தது. வாரம் மூன்று நாள் மாத்திரை. முதல் கட்டத்தில் ஒவ்வொரு வேளையையும் எங்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஒரு வேளை எதிரில், மற்றதை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெற்று அட்டையைத் திருப்பித் தரவேண்டும். புது நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, மறுசிகிச்சைக்கு நீலம். முழு சிகிச்சைக்கான மருந்தும் உள்ளே; மேலே நோயாளியின் பேர். அதிலிருந்து இன்னொருவருக்கு ஒரு மாத்திரை எடுக்க முடியாது. பேரைப் பார்த்ததும், "இம்புட்டும் எனக்கா?" என்று கேட்காதவர் குறைவு.

அதன்பின் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பிறந்தது 99டாட்ஸ். மாத்திரையைப் பிதுக்கினால் அட்டையில் மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்குக் காசில்லாமல் போன் போட வேண்டும். புத்திசாலித்தனம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போனை மகன் வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்? அதே சேத்துப்பட்டு நிறுவனம் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தது. சாப்பிட்டவர்களில் பலர் போன் போடவில்லை. சாப்பிட்டதாகப் பதிவானவர்களில் சிலர் சாப்பிட்டிருக்கவில்லை.

2017-ல் தினசரி மாத்திரை வந்தது. மருத்துவமாக அது சரியான முடிவு, ஆனால் பேர் எழுதிய பெட்டி அதோடு போயிற்று. 2024 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, மூன்று மாதத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. நோயாளி மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்கும் கருவிகள் போதும். அவருக்கான ஆறு மாத மருந்தை முதல் நாளே எடுத்து வைத்திருக்கிறோமா என்று அரசைக் கேட்கும் ஏற்பாடுதான் இப்போது வேண்டும்.