தளத்தின் பாரமும் உள்ளீடற்ற உருண்டைகளும்

வீடு கட்டுவோர் சுவரைப் பற்றியும் வாயிலைப் பற்றியும் பலவாறு எண்ணுவர். தலைக்கு மேலுள்ள தளத்தின் எடையைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் மாடிக் கட்டடமொன்றின் மொத்த எடையில் பெரும் பங்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தளங்களின் எடையே ஆகும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 375 கிலோ எடையுள்ளது. குடியிருப்பு வீட்டில் மக்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் சேர்ந்து அதே சதுர மீட்டரின்மேல் ஏற்றக்கூடிய பாரம் என்று பொறியாளர் கணக்கில் கொள்வதோ 200 கிலோ. எனவே, தளமானது பிறரைச் சுமப்பதைக் காட்டிலும் தன்னைச் சுமப்பதற்கே மிகுதியும் பாடுபடுகிறது. இச்சுமையைக் குறைக்க மனிதர் மேற்கொண்ட முயற்சிக்கு ஏறத்தாழ 1,900 ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயமே, கான்கிரீட்டின் நடுவில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் உருண்டைகளை வைத்துத் தளம் அமைக்கும் முறை.

எடை எவ்வூரிலும் கருதத்தக்கதே. சில ஊர்களில் அதுவே முதற் கவலை. இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா அத்தகைய ஊர். கங்கை கொண்டுவந்து குவித்த வண்டலின்மேல் அமைந்த நகரம் அது. பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்வரை மென்மையான களிமண்ணே உள்ளது. அக்களிமண்ணிடையே மக்கிய மரமும் இலைதழையும் கருநிறப் படிவமாகக் கிடக்கின்றன. பாறை மீது கட்டுவோர்க்கு உள்ள மன அமைதி இங்குக் கட்டுவோர்க்கு இல்லை.

நகரின் தென்பகுதியிலுள்ள டாக்குரியா இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1912-இல் தோன்றிய கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்டு, 1920-களின் தொடக்கத்தில் இப்பகுதியில் சுமார் 192 ஏக்கர் சதுப்புக் காட்டைக் கைக்கொண்டது. பெரிய ஏரியொன்று தோண்டப்பட்டது. சுற்றியிருந்த தாழ்நிலம் மேடாக்கிச் சமன் செய்யப்பட்டது. சாலைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. டாக்குரியா ஏரி என்று மக்கள் அழைத்த அந்நீர்நிலைக்கு 1958-இல் ரவீந்திரரின் பெயர் சூட்டப்பட்டு, ரவீந்திர சரோவர் ஆயிற்று. அதன் அருகிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அந்த ஏரிக்கரையில் உலாவி வந்திருக்கின்றன. தாம் நடக்கும் நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சேறாக இருந்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பர்!

நிலநடுக்கமும் எடைக்குப் பகை. நிலம் அசையும்போது கட்டடத்தைத் தள்ளும் விசை அதன் எடைக்கு ஏற்ப மிகுகிறது. 1897-ஆம் ஆண்டு அஸ்ஸாம் நிலநடுக்கத்தில் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்துக் கோபுரம் சேதமுற்றது. மீண்டும் கட்டப்பட்டது 1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தில் வீழ்ந்தது. இலேசான கட்டடம் மென்மையான நிலத்தையும் வருத்தாது. அதிரும் நிலத்தாலும் அவ்வளவு வருந்தாது.

இனி, தளத்தின் எடையைக் குறைப்பது எங்ஙனம்? கனத்தைக் குறைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. தளத்தின் இரு முனைகளும் தாங்கப்பட்டிருக்க, நடுப்பகுதி சற்றே கீழ்நோக்கி வளைய முயல்கிறது. அப்போது தளத்தின் மேற்பாகம் அமுக்கப்படுகிறது, கீழ்ப்பாகம் இழுக்கப்படுகிறது. அமுக்கத்தைக் கான்கிரீட் நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே கீழ்ப்பாகத்தில் எஃகுக் கம்பி வைக்கிறோம். மேலுள்ள கான்கிரீட்டுக்கும் கீழுள்ள கம்பிக்கும் இடைத்தூரம் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு தளம் வலிமையுடையது. ஆதலின் கனம் வேண்டும். ஆனால் இடையிலுள்ள கான்கிரீட்டின் பெரும்பகுதி வளைவை எதிர்ப்பதில் அதிகப் பங்கு கொள்வதில்லை. மேலையும் கீழையும் பிரித்து வைத்து, இரண்டையும் இணைத்திருப்பதே அதன் வேலை. தூண்களுக்கிடையே உள்ள தூரம் இரட்டித்தால், கனம் மாறாத தளத்திலேயே வளைக்கும் முயற்சி நான்கு மடங்காகிறது. அதை எதிர்க்கக் கனத்தைக் கூட்டினால் எடையும் கூடி, வளைவும் மேலும் மிகுகிறது. இச்சுழலிலிருந்து விடுபடும் வழி ஒன்றே: கனத்தை வைத்துக்கொண்டு, நடுவே உழைக்காத பொருளை நீக்குவது. மூங்கிலும் பறவையின் எலும்பும் இதே நெறியில் அமைந்தவை அன்றோ?

இந்நெறியை முதலில் பேரளவில் கையாண்டவர் ரோமர். ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126-ஐ ஒட்டி முடிவுற்ற பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமுடையது. அதன் அடிப்பகுதியில் கனத்த கல்லும், மேலே செல்லச் செல்ல இலேசான கல்லும், உச்சியில் நீரில் மிதக்கத்தக்க எரிமலை நுரைக்கல்லும் கலந்த கான்கிரீட் இடப்பட்டது. உட்புறத்தில் வரிசைக்கு 28 ஆக 5 வரிசைக் குழிகள் அமைக்கப்பட்டன. உச்சியோ வெறும் திறப்பு. அழகுக்கென்று நாம் காணும் அக்குழிகள் எடையையும் குறைக்கின்றன. பின்னர் இத்தாலியின் ராவென்னா நகரில், 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே தேவாலயத்தின் குவிமாடத்தை, ஒன்றனுள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்களால் கட்டினர். கல்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த மண்பாண்டம்!

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மண்கலயம் மீண்டும் தளத்துள் புகுந்தது. பஞ்சாலைகளில் மரத்தளங்கள் தீப்பற்றி அழிந்த காலம் அது. தீக்கு அஞ்சாத செங்கல் வளைவுகளை அமைத்தால் எடை மிகும். ஆதலின் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்ட்ரட் என்பவர் டார்பியில் 1790-களில் கட்டிய ஆலையின் மேல்மாடியில் உள்ளீடற்ற மண்கலயங்களை வளைவாக அடுக்கினார். அதே காலத்தில் ஸர் ஜான் ஸோன் என்னும் கட்டடக் கலைஞர், லண்டனிலுள்ள இங்கிலாந்து வங்கியின் மண்டபங்களில் இம்முறையைக் கையாண்டார்.

நம் நாட்டுத் தளங்களோ பெரும்பாலும் கனத்தவை. சென்னை மாகாணத்தில் வழங்கிய மெட்ராஸ் டெரஸ் முறையில், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைக் குத்துக் கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நாள்கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்துவர். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து மெருகேற்றுவர். வெயிலைத் தடுப்பதில் அதற்கு இணையில்லை, எடையிலும் இணையில்லை. கல்கத்தாவின் பழைய வீடுகளில் கோடி-பர்கா எனப்படும் உத்தரமும் குறுக்குச் சட்டமும் கொண்ட கூரைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. தடித்த சுவர்கள் அச்சுமையை ஏற்றன. வீடுகளும் இரண்டு மூன்று மாடிக்கு மேல் எழவில்லை.

பிரான்ஸின் ஹென்னபிக் 1892-இல் தம் இரும்புக் கான்கிரீட் முறைக்கு உரிமை பெற்ற பின்னர் உலகெங்கும் கான்கிரீட் தளம் பரவிற்று. விலா எலும்புகள் போலக் கீழே வரிசையாக உத்தரங்கள் அமைந்த தளமும், இடையிடையே உள்ளீடற்ற ஓட்டுக்கட்டிகளை வைத்து வார்த்த தளமும், நீளத் துளைகளையுடைய முன்வார்ப்புப் பலகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இந்தியாவில் இக்கருத்தை எளியோர் வீட்டுக்குக் கொணர்ந்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்து, பின் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் அங்கேயே காலமானவர் அவர். கம்பிகளுக்கு நடுவே, தளத்தின் கீழ்ப்பாகத்தில் மங்களூர் ஓடுகளை இணை இணையாகக் கவிழ்த்து வைத்து, அவற்றின்மேல் கான்கிரீட் வார்க்கச் செய்தார். இழுவிசைக்கு உதவாத கான்கிரீட் இருந்த இடத்தில் விலை குறைந்த ஓடு உட்கார்ந்தது. எடை குறைந்தது; சிமெண்டும் கம்பியும் மிச்சமாயின; ஓட்டுக்குள் அடைபட்ட காற்று வெயிலையும் ஓரளவு தடுத்தது. தமிழ்நாட்டிலும் ஓட்டையும் மண்சட்டியையும் வைத்து இவ்வாறு தளம் போடும் கொத்தனார்கள் உள்ளனர்.

மேலைநாட்டில் இதே எண்ணம் 1990-களில் வேறுருக் கொண்டது. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் ப்ரூனிங் என்னும் பொறியாளர், மேற்கம்பி வலைக்கும் கீழ்க்கம்பி வலைக்கும் இடையே உள்ளீடற்ற பிளாஸ்டிக் உருண்டைகளைச் சிறைப்படுத்தி, சுற்றிலும் கான்கிரீட் வார்க்கும் முறையை அமைத்தார். கணக்கைப் பார்ப்போம். 23 சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தில் 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளை 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைக்கின்றனர். உருண்டை ஒன்றின் கொள்ளளவு சுமார் 3 லிட்டர். அதற்குரிய தளத்துண்டின் கொள்ளளவு சுமார் 9 லிட்டர். எனவே மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் மிச்சம். சதுர மீட்டருக்கு 575 கிலோ இருக்கவேண்டிய தளம் 385 கிலோ அளவிலேயே நிற்கிறது. அதாவது, முன்னர்க் கூறிய 15 சென்டிமீட்டர் தளத்தின் எடையில் 23 சென்டிமீட்டர் தளத்தின் கனம் கிடைக்கிறது! தளம் இலேசானால் தூண் மெலியும். தூண் மெலிந்தால் அஸ்திவாரம் சுருங்கும். மென்மையான களிமண்ணில் ஆழக் குத்தூன்றி நிற்கும் கட்டடத்துக்கு இது சிறிய உதவியன்று.

ஆயினும் இலேசான பொருள் எளிதாக அடங்குவதில்லை. ஈரக் கான்கிரீட்டில் வெற்று உருண்டை மிதக்க முயலும். 18 சென்டிமீட்டர் உருண்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 கிலோ விசையுடன் மேலே எழும்புகிறது. சதுர மீட்டருக்கு 25 உருண்டைகள் என்றால் 175 கிலோ! ஆகவே கம்பி வலை அவற்றை இறுக அடக்கவேண்டும். கான்கிரீட்டையும் இரு படலமாக வார்ப்பதுண்டு. மற்றொன்று: தூணைச் சூழ்ந்த இடத்தில் நடுக்கான்கிரீட் சும்மா இருப்பதில்லை. காகிதத்தை ஆணி துளைப்பதுபோல் தூண் தளத்தைத் துளைக்க முயலும் இடம் அது. அங்கே உருண்டைகளை நீக்கிக் கெட்டியாக வார்த்தல் வேண்டும். எங்கே வெறுமை தகும், எங்கே தகாது என்று அறிவதே இக்கலையின் உயிர்.

இதனை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 2017 மே 27-ஆம் நாள் நெதர்லாந்தில் நடந்தது. ஐந்தோவன் விமான நிலையத்தில், கட்டி முடியும் நிலையிலிருந்த கார் நிறுத்தும் மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதன் தளங்கள், மெல்லிய முன்வார்ப்புப் பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் உருண்டைகளை வைத்து வார்த்தவை. குற்றம் உருண்டைகளிடம் இல்லை. வளைவு மிகுதியாகத் தாக்கும் திசையில் பலகைகளின் இணைப்புகள் அமைந்துவிட்டன. அவ்விணைப்பின் மீதிட்ட கம்பிகள், பலகையின் வழவழப்பான மேற்பரப்போடு புதிய கான்கிரீட் நன்கு ஒட்டியிருந்தால்தான் பயன்படும். அவ்வொட்டு வலுவற்றிருந்தது. வெயில் மிகுந்த அந்நாளின் வெப்பம் மேலும் இழுத்தது, இணைப்பு பிரிந்தது. அதன்பின் இத்தகைய தளங்களையுடைய கட்டடங்களைச் சோதிக்குமாறு அந்நாட்டு அரசு உரிமையாளர்களைப் பணித்தது. எண்ணம் சரியாயிருந்தும் இணைப்பில் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

டாக்குரியாவுக்கே திரும்புவோம். அங்கிருந்து தெற்கே செல்லும் ரயிலில் யாதவ்பூரை அடுத்து வரும் நிலையம் பாகாஜதீன். அப்பகுதியில் 2025 ஜனவரியில் நான்கு மாடிக் கட்டடமொன்றை உயர்த்தி நிறுத்தும் வேலை நடக்கையில், அது ஒருபுறமாகச் சாய்ந்தது. 2018 செப்டம்பர் 4-ஆம் நாள், நகரின் தென்மேற்கிலுள்ள மாஜேர்ஹாட் பாலத்தின் ஒரு பகுதி வீழ்ந்து மூவர் மாண்டனர். பாலத்தின் மேல் ஆண்டாண்டாக ஏறிய தார்ப் படலங்களின் எடையும் அதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. யாரும் கணக்கில் எழுதாத எடை அது. வீட்டு மாடியில் தளத்தின்மேல் தளம் போடுவோரும், தொட்டிமேல் தொட்டி வைப்போரும், ஏற்றும் ஒவ்வொரு கூடைச் சாந்தும் எங்கே போய் நிற்கிறது என்பதை எண்ணவேண்டும். அது தூணின் வழியே இறங்கி, முடிவில் அந்தப் பழைய சேற்றின்மேல்தான் நிற்கிறது.

ரோமரின் நுரைக்கல்லும், ராவென்னாவின் சுடுமண் குழாயும், பேக்கரின் ஓடும், டென்மார்க்கின் பிளாஸ்டிக் உருண்டையும் ஒரே உண்மையை நான்கு மொழிகளில் உரைக்கின்றன. வேண்டாத பாரத்தை நீக்குவது கஞ்சத்தனம் அன்று. தாங்கி நிற்கும் நிலத்துக்கும், கீழே உறங்கும் மக்களுக்கும் நாம் செய்யும் கடமையாகும். ஆனால் நீக்குமுன், எது உழைக்கிறது, எது உழைக்கவில்லை என்று தெளிதல் வேண்டும். அத்தெளிவு இல்லாத சிக்கனம் ஆபத்து. தெளிவோடு கூடிய வெறுமையோ பலம்.