சகாப்தம்

தலைவர் ஒருவர் மறைந்தால் சேலம் பக்கத்துச் சுவரொட்டிகளில் ‘ஒரு சகாப்தம் முடிந்தது’ என்று அச்சிடுவார்கள். பேரோடு நிற்கும் காலம் என்பது இன்றைய பொருள். பிரித்தால் சக + அப்தம். அப்தம் என்றால் ஆண்டு. அறுபதாம் கல்யாணத்தைச் சஷ்டியப்தபூர்த்தி என்கிறோமே, அதே அப்தம்தான்.

சக என்பது சகரைக் குறிக்கும். சகர் யார்? மத்திய ஆசியப் புல்வெளிகளில் குதிரையும் மந்தையுமாக அலைந்த மக்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவுக்குள் வந்தார்கள். அவர்களின் அரசன் மோயஸ் தட்சசீலத்தை ஆண்டான். பின்பு மேற்கு சத்ரபர்கள் எனப்பட்ட சக ஆட்சியாளர்கள் குஜராத், மாளவத்தில் வேரூன்றினர். கி.பி. 78-இல் தொடங்கும் சக ஆண்டை அவர்களில் ஒருவனான சஷ்டனனின் ஆட்சியோடு இணைப்பதே பொருத்தம். அதைக் குஷாண அரசர் கனிஷ்கர் தொடங்கினார் என்று பாடநூல்களில் படித்திருப்போம். ஆனால் அவர் அரியணை ஏறியது கி.பி. 127 என்பதே இப்போது பலரின் கணிப்பு.

சகர் ஆட்சி ஒழிந்தும் அவர்கள் கணக்கு தெற்கே பரவியது. வாதாபியில் சாளுக்கிய மன்னன் முதலாம் புலிகேசியின் கல்வெட்டில் உள்ள ஆண்டு சக 465, அதாவது கி.பி. 543. பிற்காலத்தில் பழங்கதை மன்னன் சாலிவாகனன் பெயரும் ஒட்டிக்கொண்டு ‘சாலிவாகன சகாப்தம்’ ஆயிற்று.

 சேலம் அருகே அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயிலின் தூண்களும் விதான ஓவியங்களும் நாயக்கர் காலத்தவை. அக்காலக் கல்வெட்டுகளில் சகாப்தம் 1500 என்றிருந்தால் 78-ஐக் கூட்டுங்கள்: கி.பி. 1578. இந்திய அரசும் 1957-இல் சக ஆண்டையே தேசிய நாட்காட்டியாக ஏற்றது.