33 வயதில் சினிமா, 35 வயதில் அப்பா... டெல்லி கணேஷ் 400 படங்களைத் தாண்டியது எப்படி?

மதிய நேரத்தில் டிவியில் எந்தச் சேனலை வைத்தாலும் அந்த முகம் வந்துவிடும். ஒரு படத்தில் அப்பா, இன்னொன்றில் சமையல்காரர், அடுத்ததில் ஐயர். பெயர் கேட்டால் யோசிக்காமல் 'டெல்லி கணேஷ்' என்போம். அவர் ஹீரோவாக நடித்த படம் எது என்று கேட்டால்தான் திணறுவோம். 1981-ல் 'எங்கம்மா மகாராணி' என்று ஒன்று வந்தது. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கும், அதுவும் சிலருக்கு.

அப்புறம் எப்படி 400-க்கும் மேற்பட்ட படங்கள்?

யார் இந்த கணேசன்?

1944-ல் பிறந்தவர். சொந்த ஊர் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வல்லநாடு. 1964 முதல் 1974 வரை 10 ஆண்டுகள் இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறினார். பெயருக்கு முன்னால் 'டெல்லி' ஒட்டிக்கொண்டது இப்படித்தான். ஒட்டிவிட்டவர் இயக்குநர் கே.பாலசந்தர்.

சென்னை வந்தபிறகு காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழு. விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை 1977-ல் பாலசந்தர் படமாக எடுத்தார். கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்கு வந்து சிதைந்துபோகிற கதை. அதில்தான் அறிமுகம். அப்போது வயது 33.

இந்த வயதுதான் விஷயமே. காதலனாக, கல்லூரி மாணவனாக நடிக்கும் வயதையெல்லாம் யூனிஃபார்மிலேயே கழித்துவிட்டு வந்தவர் அவர். திரையில் அவருக்கு இளமையே கிடையாது. நேராக அப்பா!

'பசி'யில் நடந்தது என்ன?

இரண்டே வருடத்தில் துரை இயக்கிய 'பசி' (1979) வந்தது. சென்னை குடிசைப் பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் முனியாண்டி. மகள் குப்பம்மாவாக ஷோபா. 17 வயதுப் பெண்ணுக்கு 35 வயது அப்பா. அந்தப் படத்துக்காக ஷோபா தேசிய விருது வாங்கினார், டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. பாலசந்தர் பட நடிகர் என்று மட்டும் நினைப்பவர்கள், நெல்லைச் சீமைக்காரர் மெட்ராஸ் பாஷை பேசும் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவரது நடிப்பில் என் முதல் சாய்ஸ் இன்றும் இதுதான்.

ஆனால் சினிமா அவரை முனியாண்டியாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஐயராகவே கூப்பிட்டது. 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கருக்கு இந்தி புரியாத இடத்தில் மொழிபெயர்ப்பவர் ஐயர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பாலக்காடு மணி ஐயர். 'அவ்வை சண்முகி' (1996) சேதுராம ஐயர். ஒரே முத்திரை குத்திவிட்டார்கள் என்று வருத்தப்படலாம்தான். ஆனால் இந்த மூன்று ஐயர்களில் ஒருவரை எடுத்து இன்னொரு படத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. நாயகன் ஐயரிடம் பயம் கலந்த விசுவாசம் இருக்கும். மணி ஐயர் நம்மை அழவிடாமல் சிரிக்க வைப்பார்.

இன்னொரு கணக்கும் உண்டு. மணி ஐயர் வளர்த்த பிள்ளை காமேஸ்வரனாக நடித்த கமல்ஹாசன், நிஜத்தில் டெல்லி கணேஷைவிட 10 வயதுதான் இளையவர். படம் பார்க்கும்போது யாருக்காவது அது தோன்றியதா? இத்தனைக்கும் முந்தைய வருடம்தான் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமலிடம் சாகும் வில்லன்களில் ஒருவராக, பிரான்சிஸ் அன்பரசுவாக வந்திருந்தார்.

'சிந்து பைரவி' (1985) பற்றிச் சொல்லாமல் போக முடியாது. குடித்துவிட்டு கச்சேரிக்கு வந்து, பாடகர் ஜே.கே.பி.யால் வெளியே அனுப்பப்படும் மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி. பின்னால் அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகும்போதுதான் அந்தச் சின்ன வேடம் எதற்கு வைக்கப்பட்டது என்று புரியும்.

முகம் தெரியாத இடத்திலும் இருந்திருக்கிறார். '47 நாட்கள்' (1981) படத்தில் சிரஞ்சீவிக்குக் கேட்கும் தமிழ்க் குரல் இவருடையது.

சீரியல் முதல் யூடியூப் வரை

டிவி பெரிதானபோது டிவிக்கு வந்தார். ராதிகாவின் 'செல்லமே' உட்பட பல சீரியல்கள். யூடியூப் வந்தபோது அதையும் விடவில்லை. 'புட் சட்னி' எடுத்த 'பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால்' வீடியோவில் ஆல்ஃபிரெட் யார் தெரியுமா? இவரேதான். 70 வயதில்! புதுப் பசங்க குறும்படத்துக்குக் கூப்பிட்டாலும் போய் நடித்துக் கொடுத்தார். மகன் மகாதேவனை ஹீரோவாக வைத்து 'என்னுள் ஆயிரம்' (2016) படத்தைத் தயாரித்தார். தான் தொடங்காத வயதில் மகனைத் தொடங்கி வைக்க நினைத்தாரோ என்னவோ.

2024-ல் வெளியான 'இந்தியன் 2' வரை நடித்துக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு நவம்பர் 9-ம் தேதி இரவு சென்னை ராமாபுரம் வீட்டில் காலமானார். வயது 80. அஞ்சலி செலுத்த வந்த திரையுலகினருக்கு நடுவே சீருடையில் சிலர் நின்றார்கள். 50 ஆண்டுகளுக்கு முன்பு வேலையை விட்டுப் போன தங்கள் பழைய ஊழியருக்கு மரியாதை செய்ய வந்த விமானப்படையினர் அவர்கள்.