பெப்லாவும் டிராவல்பீயும்: ஒரு சொல்லுக்கு இரண்டு மறுமொழிகள்

மனநலப் பிரிவில் இருக்கும் ஒரு பெண், செவிலியிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அவங்க என்னை நிம்மதியா இருக்க விடமாட்டாங்க சிஸ்டர்." ஹில்டகார்ட் பெப்லாவின் வழியில் பயின்ற செவிலி, "யாரும்மா விடமாட்டாங்க?" என்று கேட்பார். ஜாய்ஸ் டிராவல்பீயின் வழியில் பயின்றவர், "எந்நேரமும் இந்தப் பயத்தோட இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்குமேம்மா" என்பார். முதல் மறுமொழி தெளிவைத் தேடுகிறது. இரண்டாவது துயரத்தை எதிர்கொண்டு பேசுகிறது. இந்த இரு அமெரிக்கச் செவிலியரையும் சேர்த்து வைத்துப் படிப்பவருக்கு வேறுபாடுதான் முதலில் தெரியும். உறவு புலப்படக் கொஞ்சம் நேரமாகும்.

பெப்லாவின் நூல் 1952இல் வெளிவந்தது. எழுதி முடித்தது 1948இல். மருத்துவர் ஒருவர் இணையாசிரியராக இல்லாமல் செவிலி தனியே நூல் எழுதுவதா என்ற தயக்கத்தில் இடைப்பட்ட ஆண்டுகள் கழிந்தன. மனநோய்க்கான மருந்தான குளோர்புரோமசின் அப்போது அமெரிக்க மருத்துவமனைகளுக்குள் வந்திருக்கவில்லை. மின்னதிர்ச்சி இருந்தது, இன்சுலின் மயக்கம் இருந்தது, மூளை அறுவை இருந்தது. செவிலியின் பணி பெரும்பாலும் காவல் பணியாக இருந்தது. டிராவல்பீயின் முதல் நூல் வந்த 1966இல் மருந்துகள் வேரூன்றிவிட்டன. மருந்தில்லாத கூடத்தில் பேச்சையே சிகிச்சையாக்க முயன்றவர் பெப்லாவ். மருந்து குரல்களை அடக்கிய பிறகும் அடங்காமல் நிற்கும் "எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் டிராவல்பீ.

பெப்லாவுக்குச் சிந்தனை வழங்கியவர் மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன். பதற்றம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பது அவரிடம் பெற்ற பாடம். பெப்லாவ் பதற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். லேசான பதற்றத்தில் மனிதர் கூர்மையாகக் கற்கிறார். மிதமான நிலையில் கவனம் சுருங்கினாலும் சுட்டிக்காட்டினால் விளங்கிக்கொள்கிறார். கடும்நிலையில் சிதறிய ஓரிரு விவரங்களே அவரை எட்டுகின்றன. பீதியில் எதுவும் எட்டுவதில்லை. ஆகவே பீதியில் இருப்பவரிடம் விளக்கம் சொல்வது வீண். குறுகிய வாக்கியம், நிதானமான குரல், விட்டுப் போகாத இருப்பு ஆகியவையே அந்த நேரத்துக்கு உதவும். இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் செவிலிக்கு இதைவிடப் பயனுள்ள அறிவு அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டிராவல்பீ பெற்றது வேறிடத்திலிருந்து. நாஜி முகாம்களிலிருந்து உயிர்மீண்ட விக்டர் பிராங்கலின் எழுத்து அவரைப் பாதித்தது. துயரைத் தாங்கவும் அதில் ஒரு பொருளைக் கண்டடையவும் உதவுவதே செவிலியம் என்றார். 'நோயாளி' என்பதே ஒரு முத்திரை, 'செவிலி' என்பதும் முத்திரைதான். அவை உதிர்ந்தால்தான் உறவு பிறக்கும் என்பது அவர் நிலைப்பாடு. முதற்சந்திப்பு, தனித்த அடையாளங்கள் தெரியவருதல், ஒத்துணர்வு, பரிவு, இணக்கம் என்று அவர் போட்ட வரிசையில் பரிவு இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒத்துணர்வோடு நிறுத்திக்கொள் என்று எச்சரித்த துறையில், அதையும் தாண்டிப் போய்ப் பிறர் துயரைக் குறைக்க விரும்பு என்றவர் அவர். பெப்லாவோ, செவிலி தன் தேவைகளை உறவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார்.

ஒருவரை அறிவின் பக்கமும் மற்றவரை இதயத்தின் பக்கமும் நிறுத்திவிட இவ்வளவு போதும் என்று தோன்றலாம். ஆனால் பெப்லாவின் சிறுவயதை அறிந்தவர் அப்படி நிறுத்தமாட்டார். 1918இன் இன்ஃபுளூயன்சாவின்போது, காய்ச்சல் வெறியில் மனிதர்கள் ஜன்னல் வழியே குதித்ததைப் பார்த்த ஒன்பது வயதுச் சிறுமி அவர். பதற்றத்தைப் படிப்படியாக அளந்து எழுதிய அந்த நிதானத்தின் அடியில் இப்படி ஒரு காட்சி கிடக்கிறது. டிராவல்பீயின் கனிவோ, தோற்றத்துக்கு மாறாக, மிகக் கடுமையான பயிற்சியைக் கோருகிறது. துயரும் சாவும் தனக்கு என்னவென்று யோசித்துப் பார்க்காத செவிலி, பிறருக்கு அதில் துணைநிற்க இயலாது என்று அவர் கருதினார். தன்னை அறிந்து தன்னையே கருவியாக்குவது அவர் கேட்ட ஒழுக்கம். தன் நடத்தையை ஆராயாமல் பிறர் நடத்தையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது பெப்லாவின் அடிப்படை. ஒருவர் விலகி நிற்கக் கற்பிக்கிறார், மற்றவர் நெருங்கக் கற்பிக்கிறார். இருவரும் முதலில் திறந்து பார்க்கச் சொல்வது செவிலியின் சொந்த மனத்தை.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. "எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்ற வழக்கமான ஆறுதலுக்கு இருவரிடமும் இடமில்லை. பெப்லாவின் பார்வையில் அது விசாரணையை மூடிவிடுகிறது. டிராவல்பீ நம்பிக்கையைப் பெரிதும் மதித்தவர் என்பதாலேயே பொய்யான நம்பிக்கையை ஏற்கமாட்டார். நம் வார்டுகளில் மிக அன்பானவர்களே இந்த வாக்கியத்தை அதிகம் சொல்கிறார்கள் என்பது வருத்தம் தருகிறது. சொன்னதும் எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திக்கொள்வதை அவர்கள் கவனிப்பதில்லை.

தமிழகச் செவிலியர் கல்லூரி மாணவிகள் மனநலப் பயிற்சிக் காலத்தில் உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதும் 'பிராசஸ் ரெக்கார்டிங்' இவ்விருவரையும் ஒரே தாளில் சந்திக்க வைக்கிறது. அவர் சொன்னது, நான் சொன்னது, எனக்குள் தோன்றியது என்று கட்டம் கட்டி எழுதுவார்கள். பெப்லாவ் முதல் கட்டத்தில், திரும்பத் திரும்ப வரும் 'அவங்க' எதைச் சுட்டுகிறது என்று தேடியிருப்பார். டிராவல்பீயின் கண் கடைசிக் கட்டத்துக்குப் போயிருக்கும். புதிதாக, கொந்தளிப்போடு வந்தவருக்கு முன்னவர் கைகொடுப்பார். ஆண்டுக்கணக்கில் வீட்டார் வராமல் கிடப்பவருக்குப் பின்னவர் இல்லாமல் ஆகாது என்பது என் கருத்து. பெப்லாவ் 1999 வரை வாழ்ந்து தன் கருத்துகளைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். டிராவல்பீ 1973இல், 47 வயதுக்குள் இறந்துபோனார்; நீண்டகாலம் தங்கியிருப்போரைப் பற்றி அவர் மேலும் எழுதியிருக்க வேண்டியவர்.