அரண்மனைக்குள் குடிபுகுந்த அகதிகள்: ஸ்பிளிற் நகரம் பற்றிய சில குறிப்புகள்

குரோசியாவின் அட்ரியாற்றிக் கரையில் பாய்மரப் படகொன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றிவருவது ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் விருப்பமான கோடை விடுமுறைகளுள் ஒன்று. புகலிட நாடுகளில் வளர்ந்த எமது பிள்ளைகளும் இத்தகைய பயணங்களுக்குப் புறப்படும் காலம் இது. படகுகள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலையிலேயே கையளிக்கப்படுவதால், முதல்நாள் வந்து சேர்பவர்களுக்கு ஸ்பிளிற் நகரைப் பார்க்க ஒரு பொழுது கிடைக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் அவர்களை ஒரு பேரரசனின் அரண்மனைக்கு அழைத்துச் செல்கின்றன. அதே சுவர்களுக்குள் அகதிகளின் நீண்ட வரலாறொன்றும் இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது அதனையே.

அரண்மனையைக் கட்டியவன் டயோகிளேசியன். கி.பி. 284இல் ரோமப் பேரரசனானவன். 303இல் கிறிஸ்தவர்கள் மீதான மிகப்பெரிய அடக்குமுறையைத் தொடக்கியவனும் இவனே. 305இல் தானாகவே முடிதுறந்து, பிறந்த மண்ணான டல்மேசியாவில் கட்டிய இந்த மாளிகையில் வந்து தங்கினான். ஏறத்தாழ 215 மீற்றர் நீளமும் 180 மீற்றர் அகலமும் கொண்ட இதில் பாதி மாளிகை, பாதி படைமுகாம். சுண்ணாம்புக்கல் எதிரிலுள்ள பிராச் தீவிலிருந்து வந்தது. கருங்கல் ஸ்பிங்ஸ் சிலைகள் எகிப்திலிருந்து வந்தன. தெற்குச் சுவரைக் கடல் தொட்டுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் மாகாணத் தலைநகரான சலோனா இருந்தது. 7ம் நூற்றாண்டில் அவார்களும் சிலாவியரும் படையெடுத்தபோது அந்நகரம் வீழ்ந்தது. மக்கள் படகுகளில் ஏறி பிராச், ஹ்வார், வீஸ் முதலிய தீவுகளுக்குத் தப்பினர். இன்றைய விடுமுறைப் படகுகள் நங்கூரமிடும் அதே தீவுகள்தான் இவை. பின்னர் அவர்களில் ஒரு பகுதியினர் கரைக்குத் திரும்பி, பாழடைந்த அரண்மனைக்குள் புகுந்து குடியேறினர். ஸ்பிளிற் நகரம் அப்படித்தான் உருவாயிற்று என்கிறார் 13ம் நூற்றாண்டில் சலோனாவின் வரலாற்றை எழுதிய ஸ்பிளிற் மதகுரு தோமாஸ்.

அவர் தரும் ஒரு தகவல் எம்மை நின்று யோசிக்க வைக்கிறது. வசதி படைத்தோர் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டனர். அதற்கு வழியற்றோர் மதில் கோபுரங்களில் குடியேறினர். ஏழைகள் நிலவறைகளுக்குள் ஒடுங்கினர். ஒரே படகில் தப்பி வந்தாலும் கரையேறியதும் வர்க்கம் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புகலிட வாழ்வை அறிந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இக்கதையை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. தோமாஸ் எழுதியது சம்பவம் நடந்து ஆறு நூற்றாண்டுகளின் பின். அரண்மனை வெறுமையாகக் கிடக்கவில்லை, 5ம் நூற்றாண்டிலேயே அங்கு அரச நெசவுச்சாலை இயங்கியது என்பதற்குச் சான்றுண்டு. சலோனா ஒரே நாளில் அழியவில்லை, படிப்படியாகத் தேய்ந்தது என்பாரும் உளர். எனினும் ஒரு நகரம் தன் முன்னோரை வெற்றி வீரர்களாக அன்றி, ஓடி வந்தவர்களாக நினைவுகூர்வது வரலாற்றில் அரிதான விடயம்.

அந்த அகதிகளின் வாரிசுகள் செய்த காரியமும் கவனத்துக்குரியது. டயோகிளேசியனின் கல்லறை மண்டபம் தேவாலயமாக மாற்றப்பட்டது. அது யாருடைய பெயரில்? அவனுடைய ஆட்சியில் 304இல் கொல்லப்பட்ட சலோனா ஆயர் டோம்னியஸின் பெயரில். பேரரசனின் உடலும் பேழையும் காணாமற் போய்விட்டன. நிலவறைகளோ பல நூற்றாண்டுகளாக மேல்வீடுகளின் குப்பையால் நிரம்பிக் கிடந்தன. அதனாலேயே அவை சிதையாமல் தப்பின. அவற்றைத் தோண்டிய ஆய்வாளர்கள், மேலே அழிந்துபோன அரச அறைகளின் அமைப்பையே அங்கு கண்டனர். பேரரசன் வாழ்ந்த வீட்டின் வரைபடத்தைக் காத்துத் தந்தது சாதாரண மக்களின் குப்பைதான்.

பின்னரும் இந்நகருக்கு அகதிகள் வந்தனர். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தோர் இங்கு குடியேறினர். வெனிஸ் ஆட்சிக் காலத்தில், ஐபீரிய யூத வழிவந்த வணிகர் டானியல் ரொட்ரிகாவின் முயற்சியால் 1592இல் திறக்கப்பட்ட வணிகத் துறைமுகமே ஸ்பிளிற்றை வளமாக்கியது. அரண்மனையின் மேற்குச் சுவரை ஒட்டி அமைந்த அவர்களது தொழுகைக்கூடத்தை 1942இல் இத்தாலியப் பாசிசவாதிகள் சூறையாடி, நூல்களைச் சதுக்கத்தில் போட்டு எரித்தனர்.

அடுத்த ஆண்டு கரையோர மக்களின் முறை வந்தது. 1943இல் ஜேர்மன் படைகள் டல்மேசியாவுக்குள் நுழைந்தபோது பெண்களும் குழந்தைகளும் முதியோரும் வீஸ் தீவினூடாக இத்தாலிக்குத் தப்பினர். அங்கிருந்து எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ஏறத்தாழ 30,000 பேர், சினாய்ப் பாலைவனத்தின் எல் ஷாட் முகாமில் 1946 வரை கூடாரங்களில் வாழ்ந்தனர். குழந்தைகள் பலர் அம்மணலிலேயே புதைக்கப்பட்டனர்.

1991இல் யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டது. உல்லாசப் பயணிகள் வராத கரையோர ஹோட்டல்கள் குரோசிய அகதிகளாலும், 1992முதல் பொஸ்னிய அகதிகளாலும் நிரம்பின. 1995 ஓகஸ்டில் குரோசியப் படைகள் க்னின் பகுதியைக் கைப்பற்றியபோது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சேர்பியர்கள் உழவு இயந்திரங்களிலும் கார்களிலும் வெளியேறினர். அதே பிரதேசத்திலிருந்து 1991இல் குரோசியர்கள் விரட்டப்பட்டிருந்தனர். விரட்டப்பட்ட அனுபவம் மட்டும் ஒரு சமூகத்தை நீதியுள்ளதாக்கிவிடாது.

இதற்கு இன்னும் அண்மைய சான்றும் உண்டு. 2017 நவம்பரில் ஆப்கான் குடும்பமொன்றைக் குரோசியப் பொலிசார் இரவில் சேர்பிய எல்லைக்குத் திருப்பி அனுப்பினர். தண்டவாளத்தின் வழியே நடந்தபோது 6 வயதுச் சிறுமி ரயிலில் மோதுண்டு இறந்தாள். 2021இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் குரோசியாவைக் குற்றவாளியாகக் கண்டது. 2023இல் குரோசியா செங்கன் வலயத்தில் இணைந்தது. ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நாம் இன்று அங்கு கேள்வியின்றி உள்ளே போகலாம்.

படகுப் பயணம் போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரைக் கனடிய மீனவர்கள் கரைசேர்த்தனர் என்பதைப் படகேறும் எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். கடலில் தத்தளிப்போரை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்ற கேள்வி நாம் குடியுரிமை பெற்ற நாடுகளில் தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. இப்போது அதற்குப் பதில் சொல்லும் வாக்கு எமது கையிலும் இருக்கிறது. ஸ்பிளிற்றின் நிலவறைக்குள் நுழைபவர்கள் அதையும் சேர்த்து யோசிக்கட்டும்.