கட்டுவித்தோரும் கட்டினோரும்: நல்லூர் முதல் யாழ்ப்பாணக் கோட்டை வரை ஒருநாட் பயணம்

பாடசாலைச் சுற்றுலா என்றதும் அனுராதபுரமும் சிகிரியாவும் கண்டியுமே மாணாக்கர் நினைவுக்கு வருவன. அவை காணத்தக்கனவே, ஐயமில்லை. ஆயினும், தம் வாயிலில் நிற்கும் வரலாற்றைத் தாண்டிச் சென்று தூரத்து வரலாற்றைத் தேடுதல் முறையாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஐந்நூறாண்டு வரலாற்றின் பெரும்பகுதியை ஒருநாட் பொழுதிலே, கட்டடங்களையே ஏடாகக் கொண்டு, படித்து முடித்தல் இயலும். அதற்கு வேண்டுவன இரண்டு. முதலாவது, குழு சிறிதாயிருத்தல். நூறு பேர் நிற்குமிடத்தில் ஆசிரியரின் குரல் முன்வரிசைக்கே கேட்கும். பத்துப் பன்னிருவர் சேர்ந்து சென்றால் ஒரு கல்லைச் சுற்றி நின்று வினவலாம், மறுக்கலாம், அளந்தும் பார்க்கலாம். இரண்டாவது, செல்லும் வழியின் ஒழுங்கு. கோட்டையை முதலிற் கண்டால் அதன் பெருமை மட்டுமே கண்ணிற் படும். இறுதியிற் கண்டால் அதன் விலையும் விளங்கும்.

ஆதலின் பயணம் நல்லூரிலே தொடங்குதல் பொருத்தம். காலை வெயில் ஏறுமுன் யமுனா ஏரியைக் காணலாம். பகர வடிவிலமைந்த அக்கேணி யாழ்ப்பாண அரசர் காலத்தது என்பது வழிவழி வந்த செய்தி. அதற்கு அணித்தாகச் சங்கிலித்தோப்பு வளைவும் மந்திரிமனையும் உள்ளன. இவ்விரண்டும் அரசர் பெயரோடும் அமைச்சர் பெயரோடும் வழங்குகின்றன. ஆனால் அவற்றின் வளைவுகளையும் தூண்களையும் சுதைவேலையையும் உற்றுநோக்கும் மாணாக்கன் அங்கே ஐரோப்பியக் கட்டடக் கலையின் சாயலைத் தெளிவாகக் காண்பான். எனவே, சங்கிலி மன்னன் கண்ட கட்டடமே இன்றும் அவ்வாறே நிற்கின்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. இடம் பழையது, நினைவு பழையது, கட்டடம் பிற்காலத்தது. இவ்வேறுபாட்டை உணர்தலே வரலாற்றுக் கல்வியின் முதற்படி. பெயரை நம்புவதற்கு முன் சுவரைப் பார்த்தல் வேண்டும் என்பது நல்லூர் கற்பிக்கும் பாடம்.

அங்ஙனமாயின் அரசர் கட்டியவை எங்கே போயின? 1560இல் கோவாவின் போர்த்துக்கேயப் பதிலரசன் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா நல்லூர்மீது படையெடுத்தான்; நிலைபெற இயலாது மீண்டான். 1591இல் அந்திரே பூர்த்தாடு த மென்தோன்சா படையோடு வந்து, போர்த்துக்கேயருக்கு இணங்கிய எதிர்மன்னசிங்கனை அரியணையில் அமர்த்தினான். 1619இல் பிலிப்பே த ஒலிவேரா சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தான். அம்மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொலைத்தண்டனைக்கு உள்ளானான். அதனோடு யாழ்ப்பாண அரசு முடிவுற்றது. அடுத்த ஆண்டுகளிலே தஞ்சாவூரின் துணையோடு கிளர்ச்சிகள் எழுந்தன, அவை அடக்கப்பட்டன. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. இன்றுள்ள கோயில் 1734ஆம் ஆண்டளவில் மீண்டும் எழுந்த மரபினது.

ஒலிவேரா நல்லூரிலே தங்கவில்லை. ஆட்சிப்பீடத்தை யாழ்ப்பாணப் பட்டினத்துக் கரைக்கு மாற்றினான். காரணம் எளிது. நல்லூர் உள்நாட்டில் அமைந்தது. சுற்றிலும் வாழ்ந்தோர் அவனுக்குப் பகைவர். கடலோரத்திற் கோட்டை அமைந்தால் தோணிகளில் உணவும் மருந்தும் படையும் வந்து சேரும். குடிமக்கள் நடுவே இருந்து ஆண்டவன் அரசன். கடலுக்கு முதுகு கொடுத்து, குடிகளை நோக்கிப் பீரங்கி வைத்து ஆண்டவன் அந்நியன். தலைநகர் ஓரிரு மைல் நகர்ந்ததன் பொருள் இதுவே.

நல்லூரிலிருந்து நேரே கோட்டைக்குச் செல்லாது, பண்ணைத் தாம்போதி வழியாக ஊர்காவற்றுறைக்குச் செல்லுதல் நன்று. கோட்டை எதனைக் காத்தது என்பதை அறிய அத்துறைமுகத்தை முதலிற் காணவேண்டும். போர்த்துக்கேயர் வருகைக்கு முன்னரே அது பெயர் பெற்ற துறை. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் அதனை ஊராத்துறை எனக் குறிக்கின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்ட அச்சாசனத்தின் பொருள் மாணாக்கர் வியக்கத்தக்கது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வருதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கும் எஞ்சிய முப்பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தாற் சரிபாதி என்பது அதன் கட்டளை. சிங்கள மன்னனொருவன் கடல் வணிகர்க்குத் தமிழிலே சட்டம் பொறித்தான் என்பதும், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இத்துறையில் உலக வாணிகம் நடந்தது என்பதும் இவ்வொரு கல்லால் அறியப்படுகின்றன. பிற்காலத்தில் ஒல்லாந்தர் வன்னியிற் பிடித்த யானைகளை இத்துறையிலிருந்தே இந்தியாவுக்கு ஏற்றினர்.

துறைக்கரையிலே போர்த்துக்கேயரின் ஊருண்டிக் கோட்டை இடிபாடாகக் கிடக்கின்றது. நீர்நடுவே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில், கடற்கோட்டை நிற்கின்றது. ஒல்லாந்தர் அதற்கு அம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதிகால் என்பது அதன் பொருள். குடாநாட்டின் வடிவம் அவர்க்கு அவ்வாறு தோன்றியது போலும். 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது உள்ளிருந்த போர்த்துக்கேயரை வென்றது பீரங்கி மட்டுமன்று, தாகமுமே. சுற்றிலும் கடல் இருந்தும் குடிக்க நீரின்றி அவர் சரணடைந்தனர். அக்கோட்டை இப்போது கடற்படையின் பொறுப்பிலுள்ளது. கரையிலே நின்று அதன் அமைப்பைக் காண்பதே பாடத்துக்குப் போதுமானது.

பிற்பகலிலே தாம்போதி வழியாகத் திரும்பும்போது கடனீரேரிக்கு அப்பால் யாழ்ப்பாணக் கோட்டையின் சாம்பல் நிற மதில் தோன்றும். கடல்வழி வந்தோர் கண்ட காட்சி அது. முதலிற் போர்த்துக்கேயர் கட்டுவித்தது நாற்சதுரமான கோட்டை. மூலைதோறும் கொத்தளம் உடையது. 1658 மார்ச்சு முதல் யூன் வரை, ஏறத்தாழ மூன்றரை மாதம், றைக்லொவ் வன் கோயன்ஸ் அதனை முற்றுகையிட்டான். பசியும் நோயும் உள்ளிருந்தோரை வாட்டின. அம்முற்றுகையின் வரலாற்றைப் பால்தேயு பாதிரியார் 1672இல் வெளிவந்த தமது நூலில் எழுதிவைத்துள்ளார். வென்ற ஒல்லாந்தர் சதுரக் கோட்டையை ஐங்கோணமாக மாற்றியமைத்தனர். ஐந்து கொத்தளங்களுக்கும் சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உத்திரெக்ட், பிறீஸ்லாந்து எனத் தம் நாட்டு மாகாணப் பெயர்களைச் சூட்டினர். நுழைவாயிலின்மேல் 1680 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. வெளியரண்கள் 1792இலேயே நிறைவுற்றன.

இங்கேதான் மாணாக்கரிடம் ஒரு வினா எழுப்பப்படல் வேண்டும். இக்கோட்டையைக் கட்டியவர் யார்? "ஒல்லாந்தர் கட்டினர்" என்பதே பாடநூல் தரும் விடை. தேர்விலும் புள்ளி பெறும் விடை. ஆனால் தமிழிலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் வேறுபடுத்தும். ஒல்லாந்தர் கட்டுவித்தனர், கட்டியவர் வேறு. முருகைக்கல்லைப் பெயர்த்தவரும் சுமந்தவரும், சூளையிலே சுண்ணாம்பு சுட்டவரும், அகழி தோண்டியவரும் பெரும்பாலும் இம்மண்ணின் மக்களே. ஒல்லாந்தக் கொம்மாந்தர்கள் தமக்குப் பின்வருவோர்க்கென எழுதிவைத்த நினைவேடுகளில், ஊழியம் என்னும் கட்டாய வேலையும் அதனைச் செய்த ஊழியரும் திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றனர். ஊழியர் என்ற தமிழ்ச்சொல்லே சிறிது உருமாறி அவர்தம் மொழியிற் புகுந்துவிட்டது. கொத்தளங்களுக்குப் பெயர் உண்டு. கொம்மாந்தர்க்குப் பெயர் உண்டு. கல் சுமந்த எவருக்கும் அங்கே பெயரில்லை.

கல்லும் அவ்வாறே. நல்லூர்க் கோயிலின் கற்கள் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டன என்பது யாழ்ப்பாணத்தார் வழிவழி கூறிவரும் செய்தி. குறித்த கல் குறித்த கோயிலினது என நிறுவுதல் அரிது. ஆயினும் அச்செய்தி வெறுங்கதையன்று என எண்ண இடமுண்டு. கோட்டையினுள்ளே கிடைத்த சோழர்காலத் தமிழ்ச் சாசனமொன்றை இந்திரபாலா 1971இல் வெளியிட்டார். கோட்டை எழுவதற்கு அறுநூறாண்டுக்கு முற்பட்ட அக்கல், பழைய கட்டடமொன்றிலிருந்து வந்ததாதல் வேண்டும். அண்மைக்கால அகழ்வுகளிலும், கோட்டைக்கு முந்திய குடியிருப்பின் அடையாளங்களும் இந்திய, சீன, மேற்காசிய மட்கலத் துண்டுகளும் வெளிப்பட்டன. எனவே ஐரோப்பியர் வெறுநிலத்தில் வந்து கோட்டை எழுப்பினர் என்னும் எண்ணம் நிற்கமாட்டாது. அவர்க்கு முன்னரே அங்கே கரையிருந்தது, கடையிருந்தது, கல்லும் இருந்தது.

கோட்டை தந்தது துன்பம் மட்டுமே எனக் கூறுதலும் நடுவுநிலையாகாது. 1706இல் சிலுவை வடிவிலான ஒல்லாந்தத் தேவாலயம் உள்ளே எழுந்தது. அதற்கடுத்த ஆண்டாகிய 1707இல், ஆள்பதி சீமோன்சின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் அலுவலர் இந்நாட்டு மக்களின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அதனைத் தமிழ் முதலியார் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்பினர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் இன்றும் நீதிமன்றங்களில் ஒலிப்பது அத்தொகுப்பினாலாகும். இங்கும் முன்னைய வினாவே எழுகின்றது. எழுதுவித்தவர் ஒல்லாந்தர், வழமையை வாழ்ந்து காட்டியவர் இந்நாட்டார்.

கோட்டையின் பிற்கால வரலாறு விரைந்து கூறத்தக்கது. நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பிற் பெருகிய அரண், வெளிமதில் நிறைவுற்ற மூன்றே ஆண்டில், 1795 செப்டெம்பரில், ஒரு வெடியும் தீராமல் ஆங்கிலேயர் கைப்பட்டது. ஐரோப்பாவிலே ஒல்லாந்து பிரான்சிடம் வீழ்ந்ததன் எதிரொலி அது. கல்லினால் அமைந்த காவல் அரசியலினால் ஒரு நாளிற் கழன்றது. ஆங்கிலேயர் காலத்திலே கோட்டை அலுவலர் மனையாகவும் சிறைச்சாலையாகவும் பயன்பட்டது. பின்னாளிற் பெயர்பெற்ற எழுத்தாளர் லியனாட் வுல்வ் 1905இல் இளம் அலுவலராக இங்கே வாழ்ந்தார்.

1990 யூனிலே கோட்டை மீண்டும் முற்றுகைக்குள்ளாயிற்று. செப்டெம்பர் இறுதியிற் படையினர் வெளியேறும் வரை அது நீடித்தது. ஏறத்தாழ மூன்றரை மாதம், 1658இற் போலவே. இருநூற்றெண்பதாண்டுக்கு மேல் நின்ற தேவாலயமும் கொம்மாந்தர் மனையும் அப்போரில் அழிந்தன. சுற்றியிருந்த நகர்ப்பகுதியும், அங்கு வாழ்ந்த குடும்பங்களும் பட்டது அதனினும் பெரிது. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்கள் புதுக்கப்படலாயின. இடிந்த தேவாலயத்தின் அடித்தளத்தருகே நிற்கும் மாணாக்கர் பலர் அவ்வாண்டிற்குப் பின்னர்ப் பிறந்தவர். அவர்தம் பெற்றோரோ அவ்வோசையைக் கேட்டவர். வரலாறு இங்கே ஏட்டினின்றும் இறங்கி வீட்டுக்குள் வந்துவிடுகின்றது.

இடிந்த கோட்டையைப் புதுக்குதல் தகுமோ, அடிமைச் சின்னமாகிய அதனை அழியவிடுதல் தகுமோ என வினவுவோர் உளர். அன்று காலை நல்லூரிற் புறப்பட்ட மாணாக்கன் அதற்கு விடைகூறும் தகுதி பெற்றவனாகின்றான். கோட்டையைக் கட்டுவித்தோர் போய்விட்டனர். அவர்தம் கொடிகள் இல்லை; அவர்தம் வாணிகம் இல்லை. எஞ்சியிருப்பது கல்லும், அக்கல்லிற் படிந்த உழைப்புமே. உழைப்பு எவருடையதோ, உரிமையும் அவருடையதே. அக்கோட்டை அழியுமாயின் அழிவது அந்நியரின் பெருமையன்று. பெயரின்றி உழைத்த முன்னோர்க்கு எஞ்சியுள்ள ஒரே சான்று.

மாலை வெயில் சாயும் வேளையில் மதில்மீது நின்று நோக்கினால் மேற்கே தாம்போதியும் தீவுகளும் தெரியும். கிழக்கே நகரும், 1981இல் எரியுண்டு பின்னர் மீண்டும் எழுந்த பொது நூலகம் இருக்கும் பக்கமும் தெரியும். ஒருநாட் பயணம் அங்கே முடிவுறும். மறுநாள் வகுப்பிலே "யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டியவர் யார்?" என்று ஆசிரியர் வினவும்போது, அப்பன்னிருவருள் ஒருவனாவது விடைகூறுமுன் சிறிது தயங்குவானாயின், பயணம் பயன் தந்தது எனக் கொள்ளலாம்.