வளவுக்கு வந்த விருந்தினர்: யாழ்ப்பாணத்துப் பயிர்களின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

எமது சங்கத்தின் ஒன்றுகூடல்களில் ஒடியற்கூழ் காய்ச்சுவது நெடுநாள் வழக்கம். பாடசாலை வளவின் மர நிழலில் மூன்று கல் வைத்துப் பெரிய பானை ஏற்றி, பிலாவிலை கோலிக் கூழ் குடித்துப் பழைய கதை பேசிய நாள்களை எம்மில் எவரும் மறந்திருக்கமாட்டோம். இந்த நூற்றாண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று கூடிப் பேசியபோது, அந்தக் கூழ்ப்பானைக்குள் இருப்பவையெல்லாம் எங்கிருந்து வந்தவை என்ற கேள்வியை ஒருவர் எழுப்பினார். அக்கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கம்.

ஒடியல் மா எமது பனையின் கிழங்கிலிருந்து வருவது. மீனும் நண்டும் இறாலும் எமது கடல் தருபவை. பலாக்கொட்டையின் தாய்மரம் தென்னிந்திய மலைச்சாரலுக்குரியது. பயிற்றங்காயின் மூதாதையும் புளியமரமும் மிகப் பழைய காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டவை. கூழுக்கு உறைப்பைத் தரும் செத்தல் மிளகாயும், கரைந்து தடிப்பைத் தரும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. 1492 இல் கொலம்பஸ் கடல் கடக்கும்வரை ஆசியாவில் எவரும் இவ்விரண்டையும் கண்டதில்லை. நல்லூரில் ஆரியச்சக்கரவர்த்திகள் அரசாண்ட காலத்தின் பெரும்பகுதியில், இங்கே மிளகாய் போட்டு ஒரு கறி காய்ச்சியிருக்க முடியாது. அன்றைய உறைப்பு மிளகின் உறைப்பே. புதிதாக வந்த காய்க்கு எமது முன்னோர் மிளகின் பெயரையே கொடுத்து, மிளகாய் என்று அழைத்தனர்.

கடல் வழியாகப் பயிர்கள் வந்துசேர்வது எமது குடாநாட்டுக்குப் புதியதன்று. நெடுந்தீவுக்குச் சென்றோர் அங்குள்ள பெருக்கமரத்தைக் கண்டிருப்பர். உள்ளே ஆள் நுழைந்து நிற்கக்கூடிய கோறை விழுந்த அந்த மரம் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பர். மன்னாரிலும் அதன் இனத்தவை நிற்கின்றன. பத்தியக்காரருக்கு நாம் கிண்டிக் கொடுக்கும் குரக்கனும் கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலங்களில் முதன்முதல் பயிரானதே.

போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் அவர்களின் இடத்துக்கு வந்தனர். ஆட்சிகள் போய்விட்டன, அவர்களின் கப்பல்களில் வந்த பயிர்களும், அவற்றோடு வந்த சொற்களும் எமது அடுப்படியில் தங்கிவிட்டன. அன்னாசியும் கொய்யாவும் போர்த்துக்கேயர் வாய்வழி எமக்கு வந்த பெயர்கள். நாம் சுண்டும் கோவாவின் பெயரும் அவர்களுடையதே. போஞ்சி என்பது ஒல்லாந்தரின் சொல். உருளைக்கிழங்கைச் சிங்கள மக்கள் ஒல்லாந்தர் சொன்னபடி ‘அர்த்தாபல்’ என்று அழைக்க, நாம் அதன் உருவத்தைப் பார்த்து நாமே பெயர் வைத்தோம். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கொட்டை. இங்கே முந்திரிகை என்றால் பந்தலில் குலை குலையாகத் தொங்கும் பழம். கொட்டை தரும் பிரேசில் நாட்டு மரத்தை நாம் மரமுந்திரிகை என்று வேறுபடுத்திக்கொண்டோம்.

பெயர் வைப்பது எளிது. ஆறில்லாத இந்த மண்ணில், கிணற்று நீரை நம்பி ஒரு புதுப் பயிரை வளர்த்தெடுப்பது அவ்வளவு எளிதன்று. அமெரிக்காவிலிருந்து வந்த புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே எமது முதன்மையான காசுப்பயிராகித் திருவிதாங்கூர்வரை விலைப்பட்டது. கல்வீடு கட்டியதும் சீதனம் கொடுத்ததும் பிள்ளைகளைப் படிப்பித்ததும் பல குடும்பங்களில் அந்தப் புகையிலைக் காசே. எம்முள் பலரின் பாட்டிமாருடைய பள்ளிக்கூடச் சம்பளமும் அதிலிருந்து வந்ததுதான். துலா மிதித்து நீர் இறைத்த ஆண்களின் பாடு எல்லோரும் அறிந்தது. பூவரசங் குழையும் சீமைக்கிளுவைக் குழையும் சுமந்து கொடுத்ததும், புல்லுப் பிடுங்கியதும், வெங்காயம் நட்டதும், மிளகாய் ஆய்ந்து பாயில் பரப்பிக் காயவிட்டதும் பெண்கள். அந்த உழைப்பைப் பற்றி எழுதியோர் குறைவு.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் எமது தோட்டக்காரருக்கு நல்ல விலை தந்தன. மாரி மழை ஓய்ந்து பனி விழும் நாள்களில், குளிர்நாட்டுக்குரிய உருளைக்கிழங்கும் கோவாவும் பீற்றூட்டும் இந்தச் செம்மண்ணில் விளைந்தன. அதே காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்ற நாடு முழுவதும் மரவள்ளியால் வயிறு நிரப்பியது. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. அந்த இரண்டு காலத்தையும் எம்மில் மூத்தோர் பாடசாலைப் பிள்ளைகளாக இருந்து பார்த்தவர்கள்.

மரவள்ளியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அதன் கிழங்கில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. வந்த நாட்டில் அதை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்று கப்பலில் வந்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்கள். ‘தோலை முழுக்க உரி, பானையை மூடாமல் அவி, அவித்த தண்ணியை ஊற்றிவிடு, கசந்தால் தின்னாதே, அன்றைக்கு இஞ்சி சேர்க்காதே’ என்று எமது தாய்மார் சொன்னதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பட்டுத் தெளிந்த அறிவு. இஞ்சி பற்றிய பேச்சு வெறும் நம்பிக்கையாகவே இருக்கலாம். மூடாமல் அவிப்பதற்கும் தண்ணீரை ஊற்றுவதற்கும் நல்ல காரணம் உண்டு என்று நாம் பின்னர் இரசாயன வகுப்பில் படித்தோம்.

அடுப்படியை விட்டு வேலியோரம் வருவோம். எமது எல்லைகள் கதியால்களால் ஆனவை. கிளுவைக்கும் பூவரசுக்கும் இடையில் நிற்கும் சீமைக்கிளுவை நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘சீமை’ என்ற முன்னொட்டே அதற்குச் சாட்சி. முற்றத்துப் பட்டிப்பூ மடகஸ்காருக்குரியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் 1958 இல் இச்செடியிலிருந்தே வின்பிளாஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். கோயில் வீதிகளில் வெள்ளையாய்ப் பூத்துக் கொட்டும் அலரி மரத்தின் கதை இன்னும் வியப்பானது. மெக்சிக்கோப் பக்கத்து மரமாகிய அதற்குத் தமிழ் அகராதிகள் தரும் பெயர் ‘ஈழத்தலரி’. எங்கோ பிறந்த மரத்துக்கு எமது நாட்டின் பெயரே ஊர்ப்பெயராகிவிட்டது.

வந்த விருந்தினர் எல்லோரும் நல்லவர் என்று சொல்லமுடியாது. பேராதனைப் பூங்கா வழியாக 1826 இல் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி நாடெங்கும் பற்றையாய்ப் பரவியது. எமது காலத்தில் வந்தது பார்த்தீனியம். இந்திய அமைதிப்படை இங்கிருந்த 1987 – 1990 காலத்தில், அவர்களின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் விதையும் வந்தது என்பது எமது மக்களிடையே உள்ள பேச்சு. வெண்ணிறச் சிறு பூக்களோடு பார்வைக்குச் சாதுவாக நிற்கும் அச்செடி, தொட்டால் தோலில் அழற்சியையும், மகரந்தம் மூக்கில் ஏறினால் தொய்வையும் தரக்கூடியது. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைச் சொரியும். பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது ஒழிக்கப்படவேண்டிய களை. பூக்குமுன் கையுறையோடு வேருடன் பிடுங்குவதே வழி. ஆளில்லாத வளவுகளிலேயே அது அதிகம் செழித்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

எமது வளவுகள் ஆளில்லாமற் போன கதை எல்லோரும் அறிந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. எடுத்த பொதிகளில் நகையும் உறுதியும் பிள்ளைகளின் சான்றிதழும் இருந்தன. சிலரின் பொதியில் ஒரு முடிச்சு மிளகாய் விதையும் இருந்தது. 1996 சித்திரையில் திரும்பியோர் அதைத்தான் முதலில் தூவினர். வலிகாமம் வடக்கில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து காணி கண்டோரில் சிலருக்கு, சுவரும் மதிலும் வேலியும் இல்லாத இடத்தில், கிணறும் ஒரு பழைய மரமுமே தமது வளவை அடையாளம் காட்டின.

கடல் கடந்துபோன எமது சகோதரிகளும் இதையே செய்கின்றனர். ரொறன்ரோவில் கோடைகால மூன்று மாதத்துக்குள் பயிற்றங்காயும் பாகலும் காய்க்கவைக்கின்றனர். இலண்டனில் சாடியில் வைத்த கறிவேப்பிலையைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கிப் பிள்ளையைப்போல் பார்க்கின்றனர். நானூறு ஆண்டுகளுக்கு முன் மிளகாய் இங்கே வந்து வேர்கொண்டதுபோல, இன்று எமது பயிர்கள் அங்கே விருந்தினராக நிற்கின்றன.

எது எமது பயிர், எது பிறருடையது என்ற கேள்விக்கு இந்த வரலாற்றிலிருந்து நாம் கண்ட விடை எளியது. எந்தப் பயிரின் விதையை ஒரு சமூகம் விடாமல் எடுத்துவைத்து அடுத்தவர் கையில் கொடுக்கிறதோ, அந்தப் பயிர் அந்தச் சமூகத்துடையது. நல்ல பழமாகப் பார்த்து விதைக்கு விட்டதும், சாம்பல் கலந்து முடிந்துவைத்ததும், விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி அடுப்புப் புகை படும் வளையில் தொங்கவிட்டதும், மரவள்ளித் தடியை வேலிக்கு மேலால் அயலாளுக்கு நீட்டியதும் எமது பாட்டிமாரும் தாய்மாரும். எம்மிடம் வந்தபோது அந்த வேலை தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு போகத்துக்கும் பைக்கற் விதை வாங்குகிறோம். கலப்பின விதையின் பயிரில் விதை எடுத்தால் அடுத்த முறை தாயைப்போல் வருவதில்லை. வாங்கப் பழகிய கை எடுத்துவைக்க மறந்துவிடுகிறது.

பாடசாலைத் தோட்டம் என்ற ஏற்பாடு இந்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. எம்மில் மூத்தோர் பாத்தி கட்டி, வெண்டியும் கத்தரியும் நட்டு, புள்ளி வாங்கியது அத்தோட்டத்தில்தான். இந்த நூற்றாண்டு ஆண்டில் அதன் ஒரு மூலையைச் சங்கம் பொறுப்பெடுக்க விரும்புகிறது. ஊரிலுள்ளோர் தங்கள் வீட்டில் வழிவழியாக வந்த விதையில் ஒரு பிடி கொண்டுவரட்டும். வெளிநாட்டில் இருப்போர் விதை அனுப்பவேண்டாம். எந்தச் செடி இங்கே களையாகும் என்பதைப் பார்த்தீனியம் எமக்குப் படிப்பித்திருக்கிறது. அதற்குப் பதிலாக, தத்தம் தாயார் அந்தப் பயிரை என்ன பெயரால் அழைத்தார், எப்போது நட்டார், எப்படிச் சமைத்தார் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். விதையையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்து மாணவியரிடம் ஒப்படைப்போம். அடுத்த ஒன்றுகூடலில் காய்ச்சும் கூழுக்கு மிளகாய் அந்த மூலையிலிருந்தே வரவேண்டும் என்பது எமது ஆசை.